ஆர்டிஸ் ஸ்கூகின் குரலுக்கு ஏற்ற ஸ்பீக்கர்

ஆர்டிஸ் ஸ்கூகின் குரல்வளையை 1996 அக்டோபரில் நகரத்து டாக்டர்கள் எடுத்த பிறகு, அவளுடைய பேச்சு வீட்டு நிலவறையில் கிடந்த பழைய ஸ்டீரியோ ரிசீவரிலிருந்து வரத் தொடங்கியது. அந்த வாரம் ஹால்வர் ஊரில் சோளம் புஷலுக்கு இரண்டு டாலர் எண்பது சென்ட். முதல் பனி இன்னும் விழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஆர்டிஸ் அடுக்களையில் உட்கார்ந்து, கணவன் வெர்னன் வைத்த உருளைக்கிழங்கு சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் வாயசைத்தாள். பல்பு எடுக்க நிலவறைக்கு இறங்கியிருந்த வெர்னனுக்குப் பெயிண்ட் டப்பாக்களின் நடுவிலிருந்து அவள் கேட்பது கேட்டது: "உப்பு போட மறந்துட்டியா வெர்ன்?" மறந்துதான் போயிருந்தான். மேலே வந்து உப்பு போட்டான். அதற்குப் பிறகுதான் நிலவறைப் படியைத் திரும்பிப் பார்த்தான்.

பாதிரியார் வந்து பார்த்தார். டெலிவிஷன் ரிப்பேர் பார்க்கிறவன் வந்து ஆன்டெனா கம்பியைக் கழற்றிப் பார்த்தான். கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் பேசினாள். வீட்டுக்குள் எந்த அறையில் வாயசைத்தாலும் ரிசீவர் பேசியது. வாசல் தாண்டிவிட்டால் பேசவில்லை. இதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று பாதிரியாரும் ரிப்பேர்காரனும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஊரும் இரண்டு வாரம் பேசிவிட்டு மான் வேட்டைக்குப் போய்விட்டது.

அந்த ரிசீவர் 1975இல் வெர்னன் ஓவர்டைம் பணத்தில் வாங்கிய ஜப்பான் பெட்டி. கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவனுக்கு நல்ல பனிக்காலம் வாய்த்தால் ஓவர்டைம் கிடைக்கும். வெள்ளி முகப்பு, தட்டினால் கனத்துப் பேசும் மரக்கூடு, விளக்கெரிந்தால் பச்சை கலந்த நீல வெளிச்சம். கூட வாங்கிய ஸ்பீக்கர்களை கராஜில் போட்டு வைத்ததில், அவற்றின் கூம்புகளை எலி தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிய ஒற்றை ஸ்பீக்கர். அதன் வழியாக வந்த ஆர்டிஸ், வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தாள். ஆர்டிஸுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. "கேக்குதில்ல? அது போதும், விடு," என்றாள். வெர்னனால் விட முடியவில்லை.

அவன் விடாததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் ஆர்டிஸ் ஊர் தானியக் கிடங்கில் டெலிபோன் எடுக்கிறவள். அன்றன்றைய சோள விலையை விவசாயிகளுக்குச் சொல்வது அவள் வேலை. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே, விற்க ஒரு கொண்டை சோளம் இல்லாதவர்கள்கூட போன் போடுவார்கள். அதில் முதல் ஆள் வெர்னன். பனிக்காலம் முழுக்க தினம் போன் செய்து விலை கேட்டான். மார்ச் மாதம் அவள், "ஏம்ப்பா, ஒனக்கு நெலமே கெடையாதாமே? லாரிய வச்சு பனிதானே தள்ற?" என்று கேட்டாள். இவன் போனை வைத்துவிட்டான். மறுநாள் அவளே கூப்பிட்டு விலை சொன்னாள். அந்தக் குரல்தான் அவனுக்கு வேண்டும், அச்சு அசல் அதேதான். கிடைத்ததை வைத்துக்கொள்ளும் மனிதன் அவன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் வந்துவிட்டது.

புது ஸ்பீக்கர் வாங்க வசதி கிடையாது, ஆஸ்பத்திரி அதைத் தின்றுவிட்டிருந்தது. பழைய ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வழி உண்டு, அதில் இறங்கினான். சர்ச்சின் பழம்பொருள் விற்பனை, ஜனங்கள் கொடுத்த பழைய சாமானை விற்கிற தர்மக் கடை, கோடையில் வீட்டு வாசல்களில் மேசை போட்டு விற்கிற கராஜ் சேல். ஒரு ஜோடி வாங்கு, கேள், சரிவரவில்லையா, ஊருக்குள்ளேயே யாருக்காவது தள்ளிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போ. இதில் கைநட்டம் அதிகம் வராது. போகப்போக வெர்னன் இதில் தேர்ந்துவிட்டான். கூம்பைச் சுற்றியிருக்கும் நுரை வளையத்தை விரலால் அழுத்திப் பார்ப்பான். பெட்டியின் முதுகில் எத்தனை ஓம் மின்தடை என்று படிப்பான். விற்கிறவர்களிடம் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இது வேலை செய்யுமாங்க?" என்று கேட்பான். பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

ரிசீவரை நிலவறையிலிருந்து வரவேற்பறைக்கு ஏற்றினான். முதலில் வந்தவை இடுப்புயர ஜோடி. அவற்றில் ஆர்டிஸ் பேசியபோது, பன்றி வளர்த்த அவள் அப்பா செத்துப்போய் இருபது வருஷம் கழித்து வரவேற்பறையில் நின்று அதட்டுவதுபோல் இருந்தது. அவளே பயந்துவிட்டாள். அவற்றை வெர்னனோடு லாரி ஓட்டும் டுவேன் வாங்கிக்கொண்டான். அடுத்தது ஊதுகுழல் வைத்த ஜோடி. அதில் அவள் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவள் ஆனாள். பால் தீர்ந்துபோச்சு என்று சொன்னால் கை தூக்கி விலை கேட்கத் தோன்றியது. பிறகு புத்தக அலமாரியில் வைக்கிற சின்ன ஜோடி. நன்கொடை கேட்கும் ரேடியோப் பெண்போல அத்தனை மரியாதையாகப் பேசினாள். அந்த ஜோடி இருந்த இரண்டு மாதமும் வீட்டில் சண்டையே இல்லை. வெர்னனுக்கு அதுவே பிடிக்காமல் அதையும் விற்றான்.

ஸ்பீக்கர் மட்டும்தானா, அவள் குரல் எந்த வழியாக உள்ளே வர வேண்டும் என்பதும் ஒரு பிரச்சினை. ரேடியோ பக்கம் குமிழைத் திருப்பினால், பக்கத்து ஊர் நிலையத்தின் வானிலை அறிக்கை அவள் பேச்சுக்குள் புகுந்தது. காசெட் டெக் வாங்கிச் சேர்த்தான். குரல் அரை விநாடி பின்தங்கி வந்தது, அவள் வாயை மூடிய பிறகு பேச்சு முடிந்தது. சிடி பிளேயரில் குரல் கண்ணாடிபோல் சுத்தமாக, சாவு வீட்டில் பேசுகிற மாதிரி வந்தது. கடைசியில் ஒரு ரெக்கார்ட் பிளேயர். தட்டு சுற்றும் வரைக்கும் பேச்சில் ஒரு கதகதப்பு இருந்தது. ஆனால் ஒரு பக்கம் ஓடி முடிந்தால் பேச்சு நின்றுவிடும். ஆர்டிஸ் பாதி வாக்கியத்தோடு காத்திருக்க, வெர்னன் ஓடிப்போய் முள்ளைத் தூக்கி வைக்க வேண்டும். "என் வாழ்க்கைல இப்பதான் நீ நான் பேசறதுக்காக ஓடற," என்று அவள் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பும் ஸ்பீக்கரில்தான் வந்தது. சிரிப்பில் மேல் ஸ்தாயி கொஞ்சம் கிழிகிறது என்று வெர்னன் கண்டுபிடித்தான்.

தர்மக் கடையில் வியாழக்கிழமைதான் புதுச் சரக்கு இறங்கும். அதனால் சோதனையும் வியாழன் நாலு மணிக்கு. ஆர்டிஸ் சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். வெர்னன் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே வாக்கியம் கேட்டால்தானே வித்தியாசம் தெரியும் என்று அவளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருந்தான். கிடங்கில் அவள் சொன்ன வாக்கியம்தான், விலை மட்டும் இப்போதையது: "வணக்கம், இன்னிக்கு சோளம் ரெண்டு பத்து, சோயா அஞ்சு நாப்பது." இவன் மேல் ஸ்தாயிக்கான ட்ரெபிள் குமிழை ஒரு மயிரிழை திருப்புவான். "இன்னொரு தடவ சொல்லு." சொல்வாள். அடிச் சத்தத்துக்கான பேஸை இறக்குவான். "இன்னொரு தடவ." பத்து, பதினைந்து தடவை அவள் கோபப்படாமல் சொல்வாள். பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

1998 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை ஆர்டிஸ் வாக்கியத்தை மாற்றினாள். "வெர்ன், எனக்கு முதுகு வலிக்குது. ராத்திரி தூங்க முடியல," என்றாள். வெர்னன் கண்ணை மூடியபடியே தலையைச் சாய்த்துக் கேட்டான். "அடிச் சத்தம் கொஞ்சம் தூக்கல்," என்றான். "இன்னொரு தடவ சொல்லு." அவள் சொன்னாள். குமிழைத் திருப்பிவிட்டு, "இப்ப பரவால்ல. இன்னொரு தடவ," என்றான். அதையும் சொன்னாள். அதன் பிறகு அவள் சோள விலைக்குத் திரும்பவே இல்லை. ஒவ்வொரு வியாழனும் முதுகுதான், ஜோடி மாற ஜோடி மாற முதுகுதான். அவன் கெட்டவனா என்றால் இல்லை. அந்தக் குரலின் ஒவ்வொரு இழையையும் அவனைப்போல் கேட்டவன் உலகத்தில் யாரும் இல்லை. இத்தனை கூர்மையாகக் காதைத் தீட்டிக்கொண்டவர்களுக்கு மட்டுமே வருகிற செவிடு அது.

மற்ற நேரத்தில் சொல்லியிருக்கலாமே, ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் அல்ல. இங்கே கால் உடைந்தவனைக் கேட்டால் "பரவால்ல, இன்னொண்ணு இருக்கு" என்பான். வலி என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வதே பெரிய காரியம். ஆர்டிஸ் வாரம் பத்துத் தடவை சொல்லிவிட்டாள். அதைக் கேட்டும் கணவன் ஒன்றும் பேசவில்லை என்றால், ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவன் நினைக்கிறான் என எடுத்துக்கொண்டாள். நகரத்துக்குத் தொண்ணூறு மைல், நெடுஞ்சாலையில் அவள் வண்டி ஓட்ட மாட்டாள்.

அதே சமயம், விற்றுப்போன ஸ்பீக்கர்கள் போன வீடுகளில் பேச ஆரம்பித்தன. வியாழன் நாலு மணி ஆனால் போதும், என்ன பாட்டு ஓடினாலும் ஒதுங்கிக்கொள்ள, அந்த ஜோடியைச் சோதித்த நாளில் ஆர்டிஸும் வெர்னனும் பேசியது அப்படியே வரும். டுவேன் வீட்டுப் பெரிய ஜோடி பழைய சோள விலையைச் சொன்னது. கொஞ்சம் நிலமும் வைத்திருந்த டுவேன் அதைக் கேட்டுவிட்டு, அந்த விலைக்கே விற்றிருக்கலாம் என்று வருத்தப்படுவான். ஆனால் ஆகஸ்டுக்குப் பிறகு விற்ற ஜோடிகள் வேறு சொல்லின. அதில் ஒன்று லவோனிடம் இருந்தது. லவோன் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி திருத்துகிறவள், அப்போது நாற்பது வயது. தலையில் சுருள் மாட்டி உட்கார்ந்திருந்த நான்கு பெண்கள் ஒரே சமயத்தில் கேட்டார்கள், முதுகு வலிக்கிறது, தூங்க முடியவில்லை என்று. கூடவே வெர்னனின் குரலையும் கேட்டார்கள். வெர்னனே பக்கத்தில் இருக்கிறான், அவனுக்குத் தெரியும், பார்த்துக்கொள்கிறான் என்று நால்வரும் முடிவு செய்தார்கள். ஒரு வீட்டு நோயைப் பற்றி அந்த வீட்டுக்காரர் வாயைத் திறக்கும் முன் நாம் திறப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. வழக்கம் என்னவோ, அதைச் செய்தார்கள். ஹாட்டிஷ் கொண்டுபோனார்கள்.

அரைத்த மாட்டிறைச்சி, டப்பா காளான் சூப், மேலே வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டைகள். அடுப்பில் சுட்டு, தட்டோடு ஒரு துணியில் சுற்றி, நோய் கண்ட வீட்டு வாசலில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நோயைத் தவிர எதைப் பற்றியும் பேசலாம். தட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி உங்கள் பெயர் எழுதியிருக்கும், காலி செய்து கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தப் பனிக்காலம் ஸ்கூக் வீட்டுக்கு வாரம் மூன்று நான்கு வந்தன. வெர்னன் மகிழ்ந்துபோனான். "என்ன ஊரு பாரு, ஒன் மேல எவ்ளோ பிரியம்!" என்று ஆர்டிஸிடம் சொன்னபடி இரண்டாம் தடவை பரிமாறிக்கொண்டான். ஆர்டிஸ் தட்டைத் திருப்பி அடியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, சாப்பிடாமல் வைத்தாள். அவள் மெலிந்துகொண்டிருந்தாள். குரல் மெலியவில்லை, குரல்தான் ரிசீவரில் இருந்ததே.

தட்டுகள் சேர்ந்துவிட்டன. மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, தர்மக் கடையில் ஒன்றும் இறங்கவில்லை என்று தெரிந்து, வெர்னன் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான். லவோனின் முன்னறையில் பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு நின்றபோது மணி நாலு. அலமாரியிலிருந்து அவன் மனைவி சொன்னாள்: "வெர்ன், எனக்கு முதுகு வலிக்குது. ராத்திரி தூங்க முடியல." அடுத்து ஒரு ஆண்குரல், அடிச் சத்தம் கொஞ்சம் தூக்கல் என்றது. அது யார் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

லவோனின் கையில் சீப்பு அப்படியே நின்றது. "ஒட்டுக் கேக்கணும்னு இல்ல வெர்னன்," என்றாள். "அது தானா வருது. வாராவாரம் வருது. ஒங்களுக்குத் தெரியும்னுதான்..."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம் கோடையிலேர்ந்து. நீங்கதான பக்கத்துல இருக்கீங்க. ஒங்க குரலும் கேக்குதே."

அவன் மிச்சத் தட்டுகளை அவள் நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான். தொப்பியை விட்டுவிட்டுப் போய்விட்டான். அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடின லவோன், லாரிக்குள் அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, கொடுக்காமல் திரும்பி வந்தாள்.

வீட்டில் ஆர்டிஸ் மேசையில் தயாராக உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை அல்லவா. இவன் நடு நாற்காலிக்குப் போகவில்லை, கோட்டோடு அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். "வலிக்குதா?" என்றான்.

"எட்டு மாசமா சொல்றேன் வெர்ன். நீ ட்ரெபிள ஏத்தற, எறக்கற."

"நா கேக்கலடி. சத்தியமா நா கேக்கல."

ஆர்டிஸ் அழுதாள். கணவனுக்குத் தெரிந்தும் பேசாமல் இருக்கிறான் என்று நினைத்து அவள் எட்டு மாதம் தனியாக இருந்திருந்தாள். தெரியவே தெரியாது என்பது அதைவிட நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. அழுகை நின்றதும், "எழுந்திரு. முட்டி பிடிச்சுக்கும்," என்றாள். "என் கோட்டு எங்க இருக்கு பாரு."

நகரத்து டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்தார்கள். குரல்வளையைத் தின்ற புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. போன இலையுதிர்காலத்தில் வந்திருந்தால் சில வருஷங்கள் கொடுத்திருக்க முடியும் என்று ஒரு டாக்டர் சொன்னார். கேட்டதற்குத்தான் சொன்னார், அவர்மேல் தப்பில்லை. வெர்னன் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து, ரிசீவரைப் படுக்கையறைக்கு மாற்றினான். அப்போது இணைத்திருந்த ஜோடியே இருந்தது. குமிழ்கள் எங்கே நின்றனவோ அங்கேயே நின்றன. ஏழு வாரம் இருவரும் பேசினார்கள். கடைசி வாரம் லவோன் வந்து ஆர்டிஸின் தலையை வாரிவிட்டாள். ஆர்டிஸ் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "வெர்ன், இப்ப எப்படி கேக்குது என் கொரலு?" என்றாள். அவன், "கேக்குது, சொல்லு," என்றான். அந்த ஜோடி எந்த மாதிரி, பேஸ் உண்டா இல்லையா என்று பிறகு டுவேன் விசாரித்தபோது வெர்னனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மே மாதம், லைலாக் பூக்கிற வாரத்தில், அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இறந்தாள். என்ன வாக்கியம் என்று அவன் யாருக்கும் சொன்னதில்லை. ரிசீவரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அதன் பிறகு அதில் எந்த வழியாகவும் அவள் வரவில்லை.

ஊர் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஆளாளுக்கு ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு போய், வைத்துக்கொள் வெர்ன், காசு வேண்டாம் என்றார்கள். ஸ்கூக் வீட்டுக்குள் போனதும் அவை ஊமையாகிவிட்டன. வியாழன் நாலு மணிக்கு வெர்னன் நடுவில் உட்கார்ந்து பார்த்தான், ஒரு மூச்சுகூட வரவில்லை. திருப்பி எடுத்துப்போனால் அந்தந்த வீட்டில் மறுபடி பேசின. அதனால் அவன்தான் போக வேண்டியதாயிற்று. டுவேன் வீட்டில் சோள விலை கேட்க அவன் போனதில்லை. முதுகு சொல்கிற வீடுகளுக்கே போனான், ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. வருஷம் போகப்போகச் சில வீட்டுக்காரர்கள் செத்தார்கள், சிலர் மகன் மகளோடு தூர ஊர்களுக்குப் போனார்கள், ஸ்பீக்கர்களும் போயின. இப்போது மிச்சம் லவோன் வீடு ஒன்றுதான்.

லவோனுக்கு அறுபது நெருங்குகிறது. இன்னும் முடி திருத்துகிறாள். வியாழன் நாலடிக்கச் சற்று முன்னால் தலை உலர்த்தும் மிஷின்களை எல்லாம் நிறுத்திவிடுவாள். சுருள் மாட்டிய பெண்கள் பத்திரிகையை மடித்து மடியில் வைப்பார்கள். புதிதாக வந்தவள் யாராவது ஏன் என்று கேட்டால், வெர்னன் வருவார் என்பார்கள். அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. அவன் வந்து அலமாரிக்கு நேரே போட்டிருக்கும் நாற்காலியின் நுனியில் உட்காருவான். கண்ணைத் திறந்தே வைத்திருப்பான். "வெர்ன், எனக்கு முதுகு வலிக்குது. ராத்திரி தூங்க முடியல," என்பாள் ஆர்டிஸ். அதற்கும் 'அடிச் சத்தம் கொஞ்சம் தூக்கல்' என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கிறது. அதற்குள் அவன் சொல்ல வேண்டும். "கெளம்பு ஆர்டிஸ், வண்டிய..." என்று ஆரம்பிப்பான். ஸ்பீக்கருக்கு உள்ளே இருக்கிறவன் முந்திக்கொள்வான். உள்ளே இருக்கிறவனுக்கு அறுபது வயது, இவனுக்கு எழுபத்தொன்பது. இன்னொரு தடவ சொல்லு என்று அவன் கேட்க, ஆர்டிஸ் கோபப்படாமல் இன்னொரு தடவை சொல்கிறாள். எல்லாம் முடிந்து அலமாரி அடங்கியதும் லவோன் அவனுக்குக் காபி ஊற்றுகிறாள், பெண்கள் மிஷினுக்கடியில் தலையைக் கொடுக்கிறார்கள்.